மீன்களுக்குப் பசிக்கிறதாம்

ஜூன் 8

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் அண்ணனும் அப்பாவும் அம்மாவும் நலமென்று நம்புகிறேன். கடிதம் என்றதும் பயந்துவிடாதீர்கள், கெட்ட செய்தி ஒன்றும் இல்லை. போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இஸ்திரி தேய்க்கிறாள். அப்பா பக்கத்திலிருந்து குறுக்கே பேசுகிறார். அண்ணன் காரணமில்லாமல் சிரிக்கிறான். நாம் இரண்டு பேர் பேசிக்கொள்ள வழியே இல்லை. உங்கள் கல்யாணம் முடிந்த கையோடு நான் வேலையில் சேர வந்துவிட்டேன். 'சோப்பு எங்கே இருக்கு' என்று நீங்கள் கேட்டதும், நான் கையைக் காட்டியதும்தான் இதுவரை நமக்குள் நடந்த பேச்சு. எனக்கு நேரில் பேச்சு வராது. எழுதினால் கொஞ்சம் வரும்.

ஹாஸ்டல் பரவாயில்லை. அறையில் மூன்று பேர் இருக்கிறோம். வார்டன் பூந்தொட்டியைக்கூட உள்ளே விடமாட்டார், மீன்தொட்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆபீசில் நான் வருவதும் போவதும் யாருக்கும் தெரிவதில்லையாம், அதனால் 'பூனை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மீன் வளர்த்தவளுக்கு வந்த பெயரைப் பாருங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் அறை இப்போது உங்கள் அறை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் தொட்டி அங்கேயே இருக்கிறது. தண்ணீரோடு நகர்த்தினால் அடிக்கண்ணாடி விரிசல் விட்டுவிடும் என்பதால் அப்படியே விட்டுவிட்டு வந்தேன். பார்த்துக்கொள்ளும் பொறுப்பை உங்களிடம் கொடுத்திருப்பதாக அம்மா சொன்னாள். மிகவும் நன்றி.

காலையில் ஒரு வேளை மட்டும் தீனி, இரண்டு விரலால் எடுக்கிற சிட்டிகை அளவு. போட்டதை அவை உடனே தின்று முடிக்க வேண்டும். மிச்சம் அடியில் இறங்கினால் அழுகித் தண்ணீரைக் கெடுத்துவிடும். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டு, முந்தின நாளே வாளியில் பிடித்து வைத்ததை ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றினால் அதிலிருக்கிற குளோரின் ஆகாது. ஃபில்டர் பஞ்சையும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். பம்பை மட்டும் நிறுத்தவே வேண்டாம்.

நீலமும் சிவப்புமாகக் கோடு போட்டுக்கொண்டு கூட்டமாகத் திரிகிறவை நியான். வாலை விசிறி மாதிரி விரித்துக்கொண்டு அலட்டுகிறவை கப்பி. தரையில் மீசையோடு மண்ணைக் கிளறியபடி எல்லோரையும் முறைக்கிறவர் மேஸ்திரி. அப்பா வைத்த பெயர் அது. பெயின்ட் அடிக்கப் போகிற இடத்திலெல்லாம் இப்படி ஒருத்தர் இருப்பாராம்.

ஆள் வந்தால் எல்லாம் கண்ணாடிக்கு ஓடி வரும். பசி என்று நினைத்துவிடாதீர்கள். வயிறு நிறைந்திருந்தாலும் அப்படித்தான் வரும்.

இப்படிக்கு,
அன்பு நாத்தனார்


ஜூன் 17

அன்புள்ள நாத்தனார் அவர்களுக்கு,

உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அத்தை 'எங்க வீட்டு கிராஜுவேட்' என்று சொல்கிறார். நான் அப்படி எழுதினால் கிண்டல் போலத் தெரியும். வயதில் எனக்கும் உங்களுக்கும் ஒரு வருடம்தான் வித்தியாசம். இருந்தாலும் நான் பன்னிரண்டாவதோடு நின்றவள், அவர்கள் என்று போட்டுக்கொள்கிறேன்.

பொறுப்பைக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை. வந்த மூன்றாம் நாள் அத்தை தீனி டப்பாவைக் கையில் வைத்து 'இனிமே இது உன் வேலை' என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? நீங்கள் எழுதியிருப்பதை அப்படியே செய்கிறேன். வாளியில் தண்ணீர் பிடித்து வைக்கிறேன், பஞ்சைப் பிழிகிறேன், பம்பை நிறுத்துவதில்லை. அது இரவு முழுவதும் காதுக்குள் ஒரு வண்டு மாதிரி ஓடுகிறது. உங்களுக்குப் பழகியிருக்கும். உங்கள் அண்ணன் லாரி ஹாரனுக்கே எழுந்திருக்க மாட்டார். நான்தான் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.

சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், எழுதும்போது வந்துவிட்டது. இந்த அறைக்குக் கதவு இருக்கிறது. ஆனால் மீன் பார்க்க வருகிறவர்களுக்குக் கதவு கிடையாது போல. அத்தை கையில் துணியோடு வருகிறார், மாமா பெயின்ட் கையோடு வருகிறார். நான் தலை வாரிக்கொண்டிருந்தாலும் சரி, உடை மாற்றிக்கொண்டிருந்தாலும் சரி. 'மீனைப் பாக்க வந்தேம்மா' என்பார்கள். வீட்டுக்கு வந்த மருமகளை ஒருவரும் இவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

தண்ணீர் ஒரு வாரமாகக் கலங்கலாக இருக்கிறது. பால் கலந்தது போல. நேற்று நியானில் இரண்டு செத்து மிதந்தன. நீங்கள் சொன்னபடி தண்ணீர் மாற்றியும் தெளியவில்லை. ஏன் என்று தெரிந்தால் எழுதுங்கள். எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அண்ணி


ஜூன் 28

அண்ணிக்கு,

பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தபோதுதான் அம்மாவின் போன் வந்தது. நியானில் மூன்றுதான் மிச்சம் என்றும், கப்பியில் பெரியது போய்விட்டது என்றும் அழுதாள். 'எல்லாம் வாயைப் பொளந்துகிட்டு தண்ணிக்கு மேல நிக்குதுடி, பாக்கவே முடியல. அவ ஒழுங்கா போடுறதே இல்ல' என்றாள். நீங்கள் பக்கத்தில் இருந்திருப்பீர்கள், ஸ்பீக்கரில் கேட்டிருக்கும். நான் போனை வைத்துவிட்டேன். அன்று முழுவதும் ஆபீசில் ஒரே கணக்குப் பக்கத்தைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு சிட்டிகை, அண்ணி. காலையில் பல் தேய்க்கப் போகிற வழியில் போட்டுவிட்டுப் போகலாம். அதுகூடவா முடியவில்லை? உங்களுக்குத் தொட்டி பிடிக்கவில்லை என்று போன கடிதத்திலேயே தெரிந்தது. பம்பு சத்தம், கதவு, எட்டிப் பார்க்கிறவர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கோபத்தை வாயில்லாத உயிர்களிடம் காட்டிவிட்டீர்கள். பிடிக்கவில்லை என்று அன்றே சொல்லியிருந்தால் வேறு யாரிடமாவது கொடுத்திருப்பேன். பட்டினி போட்டுக் கொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

அது உங்களுக்கு வெறும் மீன்தொட்டி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். அங்கே என் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. பகல் முழுவதும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் வந்து அந்தத் தொட்டி முன்னால்தான் மூச்சு விடுவேன். பாடத்தை அவற்றிடம்தான் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். அவை சிரிக்கவில்லை. நான் பாஸானதில் அந்த நியான்களுக்கும் பங்கு உண்டு.

இதற்குமேல் எழுதினால் மரியாதை கெட்டுவிடும்.

நாத்தனார்


ஜூலை 4

நாத்தனார் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடைக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். வீட்டில் படிக்க எனக்கு இடம் இல்லை. ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடி மாற்ற வந்திருந்தார். அவருக்கு அளவெடுக்கும்போது இரண்டு முறை எண்ணைத் தப்பாக எழுதினேன். 'உனக்கே கண்ணாடி வேணும் போலிருக்கேம்மா' என்றார்.

பட்டினி போட்டேன் என்று எழுதிவிட்டீர்கள். கண்ணால் பார்த்தீர்களா? செத்த மீன்களை எடுத்துப் போட்டவள் நான். ஒன்றின் வயிறுகூட ஒட்டியிருக்கவில்லை. எல்லாம் உப்பிப்போய்க் கிடந்தன. அதை யாரும் உங்களிடம் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் பார்க்கவில்லை.

போன வியாழக்கிழமை எனக்குக் காய்ச்சல். முதலாளி மதியமே அனுப்பிவிட்டார். வந்து போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டேன். உங்கள் அம்மா தேய்த்த துணியைக் கொடுக்க வெளியே போயிருந்தார், நான் வந்தது தெரியாது. கொஞ்ச நேரத்தில் அறைக்குள் வந்தார். கட்டிலில் கிடந்ததை மடிக்காத போர்வை என்று நினைத்திருப்பார். தொட்டியின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

'தின்னுங்கடி கண்ணுங்களா. அவ இன்னிக்கும் போட்டிருக்க மாட்டா. என் பொண்ணு இல்லாத வீட்டுல உங்களுக்கு யாரு இருக்கா.'

நான் அசையவில்லை. அசைந்திருந்தால் அழுதிருப்பேன்.

சாயங்காலம் உங்கள் அப்பா வந்தார். அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

'என்னம்மா, இந்நேரத்துல படுத்திருக்க?'

'காய்ச்சல் மாமா.'

'அடடா. மீனுக்குப் போட்டியா?'

'காலையிலயே போட்டேன் மாமா.'

'சரி, சரி' என்றவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, பொடித்துத் தண்ணீரில் தூவினார். டீயோடு கொடுத்ததைத் தின்னாமல் வைத்திருந்தாராம். தினமும் ஒன்று கொண்டு வருவாராம். 'அத்தைகிட்ட சொல்லிடாதம்மா, திட்டுவா' என்று என்னிடமே ரகசியம் சொல்லிவிட்டுப் போனார்.

இரவு வேனை நிறுத்திவிட்டு உங்கள் அண்ணன் வந்தார். முதலில் கண்ணாடியைத் தட்டி 'மேஸ்திரி, சாப்டீங்களா?' என்றார். அப்புறம் டப்பாவைத் திறந்தார்.

'நிறுத்துங்க' என்று எழுந்து உட்கார்ந்தேன்.

'ஒரு சிட்டிகைதான். பாவம், தங்கச்சி ஞாபகமாவே இருக்கும்.'

'யாருக்கு, மீனுக்கா?'

சிட்டிகையைப் போட்டுவிட்டு டப்பாவை மூடினார்.

ஆக, காலையில் நான், மதியம் அத்தை, சாயங்காலம் மாமா, இரவில் அவர். ஒருவர் போடுவது இன்னொருவருக்குத் தெரியாது. மகள் இல்லாத குறையை எல்லோரும் சிட்டிகை சிட்டிகையாகத் தண்ணீரில் கொட்டியிருக்கிறார்கள். அது அடியில் அழுகி, தண்ணீர் கெட்டு, மூச்சு முட்டித்தான் உங்கள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. அதைப் பசி என்று நினைத்து இன்னும் போட்டார்கள். பழி மட்டும் என் மேல்.

அந்தக் காய்ச்சல் நாளில் எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்க மாட்டீர்கள், நானே சொல்கிறேன். உங்கள் அண்ணன் மாத்திரை கொடுத்தார். எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று அடுப்படிக்குப் போனேன். எல்லாப் பாத்திரமும் கழுவிக் கவிழ்த்திருந்தது. 'நீ படுத்துட்டியே, வேணாம்னு நெனச்சேன்' என்றார் உங்கள் அம்மா.

அன்று மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். தினமும் எட்டு மணிக்குமேல்தான் கடை விட்டு வருகிறேன். தினமும் பாத்திரம் கவிழ்ந்துதான் கிடக்கிறது. உங்கள் அண்ணன் எனக்கும் பின்னால் வருகிறார், அவருக்குத் தட்டு போட்டு மூடி வைத்திருக்கும். நான் கடையிலேயே சாப்பிட்டுவிட்டு வருவதாக அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நானும் மறுத்துச் சொல்லவில்லை. பசிக்கிறது என்று சொல்லி வாங்கித் தின்ன எனக்குக் கூச்சம், கேட்டுத்தான் போடுவார்கள் என்றால் அதைவிடக் கோபம். வருகிற வழியில் ஒரு பன் வாங்கி, தெருமுனை வருவதற்குள் தின்று முடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறேன். திருடி மாதிரி.

உங்கள் வீட்டில் மீனுக்குச் சாப்பாடு போட வரிசையில் நிற்கிறார்கள். சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்க ஓர் ஆள் இல்லை. இதை எழுதிவிட்டேன், நாளைக்கு என்ன ஆனாலும் ஆகட்டும்.

தீனி டப்பாவை நாளையிலிருந்து கடைக்கு எடுத்துப் போகிறேன். என் டிராயரில் பூட்டி வைத்தால்தான் மிச்சமிருக்கிறவை பிழைக்கும்.

அண்ணி


ஜூலை 12

அண்ணிக்கு,

மூன்று பேரும் தீனி போட்டது எனக்குத் தெரியாது. மீன் விஷயத்தில் நான் எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அது என் அவசரம். அப்பாவிடம் பிஸ்கட்டைப் பற்றிக் கேட்டேன். 'ஒரே ஒரு பிஸ்கட்டு, அதுல பாதி என் கையிலயே ஒட்டிக்கிட்டுது' என்றார்.

ஆனால் என் அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதை என்னால் விழுங்க முடியவில்லை. பரீட்சைக்குப் படிக்கும்போது தன் தட்டில் இருப்பதை என் தட்டில் தள்ளிவிட்டு, 'எனக்கு வயிறு சரியில்ல' என்பாள். எத்தனை வருடம் ஒரு மனுஷிக்கு வயிறு சரியில்லாமல் இருக்கும்? எனக்குப் புரியாதா? மற்றவர்கள் சட்டையைத் தேய்த்துத் தேய்த்துக் கை காய்த்துப்போனவள் அவள். அவள் ஒருத்தியைப் பட்டினி போடுவாள் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? மறந்திருப்பாள். நீங்களும் வாய் திறந்து கேட்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேட்டிருந்தால் போட்டிருப்பாள்.

டப்பாவைக் கடைக்கு எடுத்துப் போனதில் அம்மா கொதித்துப்போயிருக்கிறாள். 'என் வீட்டுலயே என்னைத் திருடி மாதிரி பூட்டி வைக்கிறா' என்றாள். திருடி என்ற சொல்லை நீங்கள் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் என்னிடம் சொல்லிவிட்டீர்கள். நடுவில் நான் என்ன செய்ய? தனிக்குடித்தனம் போக வழி தேடுகிறீர்களா என்று அம்மா என்னைக் கேட்கிறாள். நானும் கேட்கிறேன். அதற்குத்தான் இதெல்லாமா?

நாத்தனார்


ஜூலை 19

நாத்தனார் அவர்களுக்கு,

கேட்டிருந்தால் போட்டிருப்பாள் என்கிறீர்கள். மீன்கள் கேட்டனவா?

தண்ணீர் தெளிந்துவிட்டது. நடுவில் இரண்டு நாள் தீனியே போடாமல், தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினேன். மேஸ்திரி பழையபடி முறைக்கிறார். கப்பி ஒன்று குட்டி போட்டிருக்கிறது, கண்ணும் வாலும் மட்டும்தான் தெரிகிறது. பெரியவை தின்றுவிடாதபடி குட்டிகளைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்திருக்கிறேன்.

என்னை நம்ப வேண்டாம். ஒரு சனிக்கிழமை கிளம்பி வாருங்கள். முன்கூட்டி யாரிடமும் சொல்லாதீர்கள். வந்தபிறகு என்னிடமும் எதுவும் கேட்காதீர்கள். சும்மா ஒரு மூலையில் உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்கு அது நன்றாக வருமே.

அண்ணி


ஆகஸ்டு 4

அன்புள்ள அண்ணிக்கு,

ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது உங்களிடம் 'வரேன்' என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் நின்றிருந்தால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்ததிலிருந்து அடுப்படியை விட்டு நகரவில்லை. நான் வந்த சந்தோஷத்தில் அம்மா நிறையவே சமைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் பாத்திரத்தில் ஒரு ஆளுக்குத் தாராளமாக இருந்தது, நான் பார்த்தேன். அண்ணனுக்குத் தட்டில் எடுத்து மூடினாள். மிச்சத்தை அப்பா தட்டில் வழித்துப் போட்டாள். 'போதும் போதும்' என்று அவர் சொல்லச் சொல்லப் போட்டாள். உடனே பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். அவள் முகத்தில் ஒரு கெட்ட எண்ணம்கூட இல்லை, அண்ணி. வேலை முடிந்து விளக்கை அணைப்பது போலச் செய்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கோபத்தில் செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

நீங்கள் வந்தீர்கள். கவிழ்ந்த பாத்திரங்களைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போனீர்கள். 

மறுநாள் நீங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அடுப்படியில் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

'அம்மா, அண்ணிக்கு நேத்து ராத்திரி என்ன வச்சிருந்த?'

'அவளுக்கென்ன. கடையில ஏதாவது தின்னுட்டுதான் வருவா.'

'தின்னுட்டு வர்றாங்கன்னு உனக்கு யாரு சொன்னா?'

'இல்லன்னு யாரு சொன்னா? அவளுக்கு வாயில்லையா?'

'மீன் வந்து உன்னைக் கேட்டுச்சா? அதுக்கு மட்டும் தேடித் தேடிப் போய்ப் போட்டியே.' உங்கள் வாக்கியத்தைத்தான் எடுத்துக்கொண்டேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். 'நாலு எழுத்து படிக்க வச்சதுக்கு என்னையே நிக்க வச்சுக் கேள்வி கேக்குறியா? நான் இந்த வீட்டுக்கு வந்தப்போ சாப்பிட்டியான்னு என்னை யாருடி கேட்டா? உங்கப்பா கேட்டாரா? எல்லாரும் தின்னுட்டுப் போன பாத்திரத்துல ஒட்டிக்கிட்டு இருந்ததைத் தின்னுதான் உங்க ரெண்டு பேரையும் பெத்தேன். செத்தா போயிட்டேன்?'

அவள் தட்டிலிருந்து என் தட்டுக்கு வந்ததை எல்லாம் தின்று வளர்ந்தவள் நான், எந்த முகத்தோடு பேச? ஆனாலும் விடவில்லை. 'உன்னைப் பட்டினி போட்டவங்க மேல வர வேண்டிய கோபம்மா அது. அண்ணி என்ன பண்ணாங்க?' என்றேன். 'இனிமே அவங்களுக்கும் ஒரு தட்டு மூடி வை. வைக்கலன்னா நான் வந்தாலும் எனக்குப் போடாத' என்றேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. அப்பா வெளியிலிருந்து 'யாரு அது?' என்று கேட்டார்.

அன்றிலிருந்து அம்மா என் போனை எடுப்பதில்லை. 'வேலையா இருக்காம்மா' என்கிறார் அப்பா. இஸ்திரிப்பெட்டி சத்தம்கூடக் கேட்கிறது. ஆள் பக்கத்தில்தான் நிற்கிறாள்.

பஸ் ஏற்ற வந்த அண்ணன், கண்ணாடிக் கடைக்குப் பின்னால் மாடியில் ஓர் அறை பார்த்து முடித்துவிட்டதாகச் சொன்னான். 'அவ சாப்பிட்டுட்டான்னுதான் நெனச்சேன்டி' என்றான். 'நீ ஒரு நாளாவது கேட்டியா?' என்றேன். பஸ் வரும்வரை தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். எனக்கு அவன்மேல் இரக்கமே வரவில்லை. தனிக்குடித்தனத்துக்கு வழி தேடுகிறீர்களா என்று போன மாதம் எழுதினேன். தேடியது சரிதான் என்று இப்போது எழுதுகிறேன்.

கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மீன்கள் உங்களுக்கு வேண்டுமா? செத்துக்கொண்டிருந்தவற்றைப் பிழைக்க வைத்தவர் நீங்கள், நியாயமாக உங்களுக்குத்தான் சேர வேண்டும். ஆனால் முதலில் உங்களைக் கேட்காமலே கையில் கொடுத்துவிட்டோம். அதனால் கேட்கிறேன். வேண்டும் என்றால் எடுத்துப் போங்கள், தண்ணீரை இறக்கிவிட்டுத் தொட்டியை எப்படித் தூக்குவது என்று எழுதி அனுப்புகிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதுங்கள்.

வீடு மாறும் அன்று நான் வரலாமா? அதையும் கேட்டுவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
நாத்தனார்


ஆகஸ்டு 11

தங்கச்சிக்கு,

மீன்கள் வேண்டாம்.

கோபத்தில் சொல்லவில்லை. சொல்லப்போனால் அந்தப் பஞ்சைப் பிழிகிற வேலை எனக்குப் பிடித்துக்கூடப் போயிருந்தது. ஆனால் போகிற இடத்தில் கொஞ்ச காலத்துக்கு என் கையை எதிர்பார்த்து எதுவும் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கக் கூடாது. எதற்கும் தீனி போடாமல், யார் தின்றார்கள் யார் தின்னவில்லை என்று பார்க்காமல், சாயங்காலம் வந்து சும்மா உட்கார வேண்டும். அப்புறம் எப்போதாவது எனக்கே ஆசை வந்தால் உன்னிடம்தான் கேட்பேன்.

அவை அங்கேயே இருக்கட்டும். அத்தைக்கு அவை வேண்டும். உன்னோடு பேசாத கோபத்தையெல்லாம் இப்போது அவற்றிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். 'பெரிய கிராஜுவேட்டு, என்னைக் கேள்வி கேக்குறா' என்று தொட்டியைப் பார்த்துத் திட்டுகிறார். எத்தனை வேளை போட வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன், காதில் விழாதது போல இருந்தார். மாமா வந்து பிஸ்கட்டை எடுத்தபோது மட்டும் கையைத் தட்டிவிட்டார். பிழைத்துக்கொள்ளும்.

நீ போன மறுநாளும் பாத்திரம் கவிழ்ந்துதான் கிடந்தது. அதற்கு மறுநாளும். உன் பேச்சு பலித்தது என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் அத்தை சொன்னதை நீ எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு என் கோபத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது. அத்தைமேல் மட்டும் இருந்தது, இப்போது அவரை அப்படி ஆக்கியவர்கள் மேலும் சேர்த்து இருக்கிறது. அதற்காகத் தங்கிவிடப் போவதில்லை. என் வயிற்றை வைத்து அவருடைய பழைய கணக்கைத் தீர்க்க என்னால் முடியாது.

உன் அண்ணன் நான்கு நாளாக 'சாப்டியா' என்று கேட்டுக் கேட்டு உயிரை எடுக்கிறார். மதியம் கடைக்கே போன் செய்து கேட்கிறார். முதலாளி சிரிக்கிறார். கேட்கட்டும், நிறுத்தச் சொல்லவில்லை.

மாமா புது அறைக்குத் தானே பெயின்ட் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். 'என்ன கலரும்மா வேணும்?' என்று கேட்டார். எனக்கு என்ன வேண்டும் என்று இந்த வீட்டில் என்னிடம் நேரில் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது, எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்களை எல்லாம் கலர் கேட்டு அறுக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் மாறுகிறோம். உன் அண்ணனே வேனை ஓட்டி வருகிறார். ஏற்றுவதற்குப் பெரிதாகச் சாமான் ஒன்றும் இல்லை, நீ வந்துதான் தூக்க வேண்டும் என்று இல்லை. வா. அடுப்பை முதலில் இறக்கிப் பற்றவைத்துவிடுவேன். என்ன சமைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை, உனக்கு என்ன பிடிக்கும் என்றும் எனக்குத் தெரியாது. எழுது.

சாப்பிடாமல் வா.

அண்ணி